பேசிய விலை 20,000, கைக்கு வந்தது 19,370: நடுவில் போன கட்டணம் யாருடையது?

வாசகரின் கடிதம், சுருக்கமாக: “நான் பயன்படுத்திவந்த இரண்டு கேமரா லென்ஸ்களை விற்க முடிவு செய்தேன். முதல் லென்ஸுக்கு 20,000 என்று பேசி முடித்தோம். பணத்தை எப்படி அனுப்புவது என்று வாங்குபவர் கேட்டபோது, இணையவழிப் பணச் சேவை ஒன்றில் நான் வைத்திருக்கும் கணக்கின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தேன். அவர் 20,000 அனுப்பினார். தொகையில் 3 விழுக்காடும், அதற்கு மேல் நிலையான 30-உம் கட்டணமாகப் பிடிக்கப்பட்டு, என் கணக்கில் 19,370 மட்டுமே சேர்ந்தது. மீதி 630-ஐ அனுப்பும்படி கேட்டேன். பேசிய தொகையைத் தந்தாகிவிட்டது என்கிறார். இரண்டாவது லென்ஸைக் கேட்பவரோ, நண்பருக்கு அனுப்பும் பணம் என்று குறித்து அனுப்பினால் இருவருக்கும் கட்டணம் மிச்சம் என்கிறார். இதற்கிடையில், முதல் லென்ஸின் ஃபோகஸ் வளையம் இறுக்கமாகச் சுழல்கிறது, திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்றும் முதலாமவர் கேட்டிருக்கிறார். கட்டணத்தை யார் ஏற்பது நியாயம்? லென்ஸ் திரும்பி வந்தால், போன கட்டணம் என்னாகும்?”

அன்புள்ள வாசகருக்கு,

ஒப்பந்தத் தகராறுகளைக் கையாளும் வழக்கறிஞர் என்ற முறையில், உங்கள் முதல் கேள்விக்கு நீங்கள் விரும்பாத விடையையே நான் தர வேண்டியிருக்கிறது. அந்த 630-ஐ வாங்கியவரிடம் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை இல்லை. அவராக மனமுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். இணையக் கட்டணம் எப்போதும் விற்பவருடையது என்று எங்கோ ஒரு பொதுவிதி எழுதிவைக்கப்பட்டிருப்பதால் இதைச் சொல்லவில்லை. அப்படியொரு விதி இல்லாததால்தான், தனிநபர்கள் தங்களுக்குள் விற்று வாங்கும்போது இந்தச் சிறு தொகைக்காக இவ்வளவு மனக்கசப்பு ஏற்படுகிறது. விலை பேசி முடித்தபோது கட்டணத்தைப் பற்றி நீங்கள் இருவருமே வாய் திறக்கவில்லை என்பதும், பணம் வந்து சேர வேண்டிய வழியைக் குறித்துக் கொடுத்தவர் நீங்கள் என்பதும் சேர்ந்துதான் இந்த விடையைத் தீர்மானிக்கின்றன.

இவற்றில் இரண்டாவது காரணத்துக்குச் சட்டத்தில் பழைய வேர் உண்டு. இந்தியாவின் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு, ஒருவருக்கு நிறைவேற்ற வேண்டிய வாக்கை அவரே குறித்த அல்லது ஒப்புக்கொண்ட முறையில் நிறைவேற்றலாம் என்கிறது. அதற்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று உங்கள் நிலைமைக்கு மிக நெருங்கியது: தனக்கு 100 ரூபாய் தர வேண்டியவரிடம், ஒரு 100 ரூபாய் நோட்டை அஞ்சலில் அனுப்பிவிடுமாறு ஒருவர் கேட்கிறார், சரியான முகவரி எழுதிய உறையைக் கடன்பட்டவர் அஞ்சலில் சேர்த்தவுடனே கடன் தீர்ந்துவிடுகிறது. வழியில் அந்த உறைக்கு என்ன நேர்ந்தாலும் அது வழியைக் குறித்தவரின் பாடு. நீங்கள் கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு 20,000-ஐக் குறைவின்றி அனுப்பியவர், தன் பங்கை முடித்துவிட்டார். அதன் பிறகு அதிலிருந்து 630 எடுக்கப்பட்டது உங்களுக்கும் அந்தச் சேவைக்கும் இடையிலான வேறோர் ஒப்பந்தத்தின்படி; கணக்கைத் திறந்தபோது நீங்கள் ஏற்றுக்கொண்ட விதிமுறைகளில் அது இருக்கிறது. வாங்கியவருக்கு அந்த ஒப்பந்தத்தில் எந்தப் பங்கும் இல்லை.

உங்கள் பக்கத்தில் வாதமே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. பணம் செலுத்துவதற்கு ஆகும் செலவு செலுத்த வேண்டியவரைச் சாரும் என்று பிரான்சின் உரிமையியல் சட்டத்தொகுப்பு 1342-7 பிரிவில் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறது. சர்வதேச வணிக ஒப்பந்தங்களுக்காக யுனிட்ரா நிறுவனம் தொகுத்த கோட்பாடுகளின் 6.1.11 பிரிவும், அவரவர் கடமையை நிறைவேற்றும் செலவு அவரவருடையது என்கிறது. விலையைக் கொண்டுவந்து சேர்ப்பது வாங்குபவரின் கடமை என்றால், அதற்கான செலவும் அவருடையது என்று வாதிடலாம். பழைய நடைமுறையும் அப்படித்தான் இருந்தது: மணியார்டருக்கான கமிஷனை அனுப்பியவர் கட்டினார், வரைவோலைக்கான கமிஷனை வரைவோலை எடுத்தவர் கட்டினார், பெறுபவருக்கு முழுத் தொகையும் கைக்கு வந்தது.

ஆனால் அந்த வழிகளில் எல்லாம் கட்டணம் அனுப்பும் முனையிலேயே, அனுப்புபவரின் கண்முன்னே வாங்கப்பட்டது. எவ்வளவு ஆகிறது என்று தெரிந்து, அது கட்டுபடியாகாவிட்டால் வேறு வழியைத் தேட அவருக்கு வாய்ப்பிருந்தது. அட்டை வழியாகவும் அதை ஒத்த சேவைகள் வழியாகவும் பொருளுக்குப் பணம் தரும்போது கட்டணம் பெறுபவரின் முனையில் பிடிக்கப்படுகிறது; வாங்குபவரின் திரையில் 20,000 என்றும் விற்பவரின் திரையில் 19,370 என்றும் ஒரே பரிமாற்றம் இரண்டு எண்களாகத் தெரிகிறது. இருவரும் தத்தம் திரையைப் பார்த்து நேர்மையாகவே பேசுகிறார்கள், அதனாலேயே ஒருவர் மற்றவரை ஏமாற்றுக்காரர் என்று எண்ணிவிடுகிறார்கள். பெறுபவர் தன் வசதிக்காக வைத்திருக்கும் கணக்கின் கட்டணத்தை, அனுப்புபவர் செய்ய வேண்டிய ‘செலுத்தும் செலவு’ என்று அழைப்பது, பிரெஞ்சு விதியை எவ்வளவு தாராளமாகப் படித்தாலும் எளிதல்ல என்பது என் கருத்து.

நாடுவிட்டு நாடு பணம் அனுப்பும் வங்கிகள் இந்தச் சிக்கலை எப்போதோ ஒரு படிவத்தில் தீர்த்து வைத்துவிட்டன. அத்தகைய பரிமாற்றத்தின்போது வங்கிக் கட்டணங்களை யார் ஏற்பது என்று குறிக்க மூன்று தெரிவுகள் உண்டு: எல்லாவற்றையும் அனுப்புபவரே ஏற்பது, எல்லாவற்றையும் பெறுபவர் ஏற்பது, தன் வங்கியின் கட்டணத்தை அனுப்புபவரும் மற்றவற்றைப் பெறுபவரும் ஏற்பது. ஓ-யூ-ஆர், பி-இ-என், எஸ்-எச்-ஏ என்ற மூன்றெழுத்துக் குறிகளாக இவை படிவத்தில் நிற்கும். இவற்றில் எது நியாயமானது என்று வங்கி தீர்ப்புச் சொல்வதில்லை. பணம் புறப்படும் முன்பே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்கிறது. தனிநபர் விற்பனையில் இந்தக் கேள்வியைக் கேட்க யாரும் இல்லை என்பதால், அதை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கட்டணத்தால் பயன் பெறுபவர் யாரோ அவரே அதைக் கட்டட்டும் என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கிறேன். கேட்க அழகாக இருக்கும் இந்த வாதம், கொஞ்சம் கிளறினால் எந்தப் பக்கமும் சாய மறுக்கிறது. பேபால் போன்ற சேவைகளில் பொருள் வராவிட்டாலோ, சொன்னதற்கு மாறான பொருள் வந்தாலோ, பணம் செலுத்திய 180 நாள்களுக்குள் வாங்குபவர் முறையிடலாம். இது வாங்குபவருக்கான காப்பீடு என்பதில் ஐயமில்லை. ஆனால் முன்பின் தெரியாத உங்களுக்கு ஒருவர் 20,000-ஐ முன்கூட்டியே அனுப்பத் துணிந்தது அந்தக் காப்பீடு இருந்ததால்தான். அது இல்லையென்றால் அவர் விலையைக் குறைத்துக் கேட்டிருப்பார், அல்லது நேரில் பார்த்துதான் வாங்குவேன் என்றிருப்பார். விற்பவருக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு: பரிமாற்றத்தில் காட்டப்பட்ட முகவரிக்கே அனுப்பி, அனுப்பியதற்கும் சேர்ந்ததற்கும் சான்று வைத்திருந்தால், பொருள் வரவில்லை என்ற முறையீட்டிலிருந்தும், கணக்கு உரிமையாளரின் அனுமதியின்றிப் பணம் அனுப்பப்பட்டது என்ற முறையீட்டிலிருந்தும் பேபால் விற்பவரைக் காக்கிறது. பொருள் சொன்னபடி இல்லை என்ற முறையீட்டுக்கு அந்தக் காப்பு கிடையாது. திரும்பி வரும் லென்ஸைப் பற்றிய உங்கள் கேள்விக்கு இது தேவைப்படும்.

கட்டணச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதற்கும், சுமை கடைசியில் யார் மீது இறங்குகிறது என்பதற்கும் இடையில் தூரம் அதிகம். ஆடை மறுவிற்பனைத் தளமான விண்டெட், வாங்குபவர் பாதுகாப்பு என்ற பெயரில் வாங்குபவரிடமிருந்தே கட்டணம் பெறுகிறது. ஐக்கிய இராச்சியத்தில் ஈபே 2024 அக்டோபரில் தனிநபர் விற்பனையாளர்களிடம் விற்பனைக் கட்டணம் வாங்குவதை நிறுத்திவிட்டு, 2025 பிப்ரவரியில் வாங்குபவர் மீது பாதுகாப்புக் கட்டணத்தைக் கொண்டுவந்தது. விற்பவர்கள் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் வாங்குபவர் தன் பையிலிருந்து போகும் மொத்தத் தொகையைத்தான் கணக்கிடுகிறார். கட்டணம் சேர்ந்து விலை கூடினால், விற்பவரிடம் அந்த அளவுக்குக் குறைத்துக் கேட்கிறார். பேரம் திறந்திருக்கும்வரை கட்டணம் யார் பெயரில் இருந்தாலும் அது விலைக்குள் கரைந்துபோகும் ஒன்று. பேரம் முடிந்த பிறகு அது கரைய இடமில்லை, அப்போது அது வெறும் இழப்பாக ஒருவர் மடியில் விழுகிறது. முதல் லென்ஸில் அது உங்கள் மடியில் விழுந்திருக்கிறது.

இரண்டாவது லென்ஸின் விலை இன்னும் பேசி முடியவில்லை என்பதால், அங்கே உங்கள் கை கட்டப்படவில்லை. நான் பரிந்துரைப்பது, கட்டணத்தையும் அனுப்பும் செலவையும் உள்ளடக்கிய ஒரே தொகையைச் சொல்வது. ‘இத்துடன் இணையக் கட்டணம் தனி’ என்ற வாசகத்தைப் பார்க்கும்போது, வாங்குபவருக்கு விலையே கூடியதுபோல ஓர் எரிச்சல் வருகிறது. அதே தொகை உள்ளடங்கிய விலையாக வந்தால் அவர் அதை லென்ஸின் மதிப்போடு மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். பாதிப் பாதி பகிர்ந்துகொள்வோம் என்பதும், முன்கூட்டியே பேசியிருந்தால், குறையில்லாத ஏற்பாடுதான். ஒரே ஆர்வத்தால் பழகியவர்கள் பலர் அப்படிச் செய்கிறார்கள். எனக்கு அதில் ஈர்ப்பு இல்லை, ஏனென்றால் எந்தத் தொகையில் பாதி என்ற அடுத்த கேள்வி உடனே முளைக்கிறது.

அந்தக் கேள்வி அற்பமானதல்ல என்பதற்கு உங்கள் எண்களே சான்று. கையில் 20,000 நிற்க வேண்டும் என்று எண்ணி, பிடிக்கப்பட்ட 630-ஐ விலையோடு கூட்டி 20,630 கேட்டிருந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சேவை தன் 3 விழுக்காட்டை 20,000 மீது கணக்கிடாது, வந்த 20,630 மீது கணக்கிடும், அது 618.90, அதோடு நிலையான 30. கைக்கு வருவது 19,981.10. கட்டணத்தின் மீதும் கட்டணம் ஏறுவதால் கூட்டிப் பார்க்கும் வழி எப்போதும் சற்றுக் குறைவாகவே முடியும். வேண்டிய தொகையோடு நிலையான கட்டணத்தைச் சேர்த்து, கிடைக்கும் 20,030-ஐ 0.97 ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 20,649.48; அதிலிருந்து கட்டணம் போனால் சரியாக 20,000 நிற்கும். விழுக்காடு 3 அல்லாமல் வேறாக இருந்தால் 100-இலிருந்து அதைக் கழித்து, மீதியை 100 ஆல் வகுத்த எண்ணை 0.97-க்குப் பதிலாக இடுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று, அனுப்பும் செலவின் மீதும் இந்தக் கட்டணம் விழுகிறது என்பது. லென்ஸுக்கு 20,000, அனுப்ப 800 என்று பேசி, வாங்குபவர் 20,800 தந்தால், கூரியருக்கு அப்படியே போகப்போகிற அந்த 800-இலிருந்தும் 24 பிடிக்கப்படும். தொகை சிறிதுதான். ஆனால் கூரியர் செலவில் நான் ஒரு பைசா லாபம் பார்க்கவில்லை என்று பெருமையாகச் சொல்லும் விற்பவர், உண்மையில் கையைக் கடித்துக்கொண்டு அனுப்புகிறார் என்பதை அறிந்திருப்பது நல்லது. மலிவான பொருள்களில் கடிப்பது நிலையான கட்டணம்: இதே விகிதத்தில் 100 மதிப்புள்ள ஒரு லென்ஸ் மூடியை விற்றால், 33 கட்டணமாகவே போய்விடும். அத்தகைய பொருள்களைத் தனித்தனியாக விற்காமல் ஒன்றாகச் சேர்த்து ஒரே பரிமாற்றத்தில் முடிப்பதே விவேகம்.

வாங்குபவர் வேறு நாட்டில் வேறு நாணயத்தில் பணம் வைத்திருந்தால், நாணய மாற்றத்துக்கான தொகை இதற்கு மேல் வரும். பெரும்பாலான சேவைகள் அதைத் தனிக் கட்டணமாகக் காட்டாமல் மாற்று விகிதத்துக்குள்ளேயே வைத்துவிடுகின்றன. விலை எந்த நாணயத்தில் என்று முதலிலேயே எழுதிவிட்டால், அந்த நாணயத்துக்கு மாற்றித் தருவது வாங்குபவரின் பாடு என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

விலையை ஒன்றாகச் சொல்லிவிட்டு, கட்டணம் இல்லாத வழியில் பணம் தந்தால் இவ்வளவு குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்வதும் நல்ல முறை. இந்தியாவில் 2016-இல் வந்த யூபிஐ, பிரேசிலில் 2020-இல் வந்த பிக்ஸ் போன்ற உடனடிப் பரிமாற்றங்களில் தனிநபர்கள் தங்களுக்குள் அனுப்பும் பணத்துக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை, ஆகவே அங்கே நம் தகராறே எழுவதில்லை. வாங்குபவருக்கான முறையீட்டுப் பாதுகாப்பும் அங்கே அந்த அளவுக்கு இல்லை என்பது அதன் மறுபக்கம். கூடுதல் கேட்பதைவிடத் தள்ளுபடி தருவது பாதுகாப்பானது என்று நான் சொல்வதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஜனவரி 13 முதல், நுகர்வோரின் பெரும்பாலான அட்டைகளுக்குத் தனியாகக் கூடுதல் கட்டணம் வசூலிக்கத் தடை இருக்கிறது, ஆனால் வேறு வழியில் தருபவருக்குத் தள்ளுபடி தருவது தடுக்கப்படவில்லை. இத்தகைய விதிகள் கடைகளையும் நிறுவனங்களையும் மனத்தில் வைத்து எழுந்தவை. இருந்தாலும், உங்கள் சேவையின் பயனர் ஒப்பந்தத்தில் கூடுதல் கட்டணத்தைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். வீட்டிலிருந்து ஒரேயொரு லென்ஸை விற்பவரையும் அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தும்.

இனி, நண்பருக்கு அனுப்பும் பணமாகக் குறித்துவிடலாம் என்ற யோசனைக்கு வருகிறேன். அதைச் சொன்னவர் உங்களுக்கு நன்மை செய்வதாகவே நினைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பிரிவு, உறவினருக்குச் செலவுக்குப் பணம் அனுப்பவும், உணவக ரசீதை நண்பர்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளவும் ஏற்பட்டது. பொருளுக்கான விலையை அந்தப் பிரிவில் அனுப்பும்படி வாங்குபவரைக் கேட்கக் கூடாது என்று பேபால் தன் பயனர் ஒப்பந்தத்தில் விற்பவர்களுக்கு வெளிப்படையாகவே சொல்கிறது. மீறினால் கணக்கு முடக்கப்படும் வாய்ப்பும் உண்டு. கட்டணம் முற்றிலும் மறைந்துவிடும் என்பதும் முழு உண்மையல்ல. அமெரிக்கா போன்ற இடங்களில், அந்தப் பிரிவில் அட்டையைப் பயன்படுத்தி அனுப்பினால் கட்டணம் அனுப்புபவரிடம் வாங்கப்படுகிறது. பெறுபவர் முனையிலிருந்து அனுப்புபவர் முனைக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே.

இந்த யோசனையால் இழப்பு வாங்குபவருக்கு மட்டும்தான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பொருள் வராவிட்டால் அவர் முறையிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் விற்பவருக்கான பாதுகாப்பும் அதே கணத்தில் போய்விடுகிறது. வந்த பணம் திருடப்பட்ட கணக்கிலிருந்து வந்தது என்று இரண்டு வாரம் கழித்துத் தெரிய வந்து, அது திரும்ப எடுக்கப்பட்டால், நீங்கள் லென்ஸை அனுப்பியதற்குக் கூரியர் ரசீதை நீட்டிப் பயனில்லை. ஏனெனில் அந்தப் பரிமாற்றத்தில் பொருள் என்று ஒன்று இருந்ததாகவே பதிவு கிடையாது, நீங்களே இது அன்பளிப்பு என்று ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய 650-ஐ மிச்சப்படுத்த 20,000-ஐயும் லென்ஸையும் சேர்த்துப் பணயம் வைக்கும் இந்த ஏற்பாட்டை, நெடுநாள் பழகிய ஒருவருக்கு விற்கும்போதுகூட நான் பரிந்துரைக்க மாட்டேன். வாங்குபவரிடம் இதைக் கடுமையாகச் சொல்ல வேண்டியதில்லை. “பொருளுக்கான பிரிவிலேயே அனுப்புங்கள், கட்டணத்தை நான் விலைக்குள் சேர்த்துவிட்டேன், உங்களுக்கும் பாதுகாப்பு இருக்கும்” என்று எழுதினால் போதும். அதற்கும் அவர் மறுத்து, நண்பர் பிரிவில்தான் அனுப்புவேன் என்று வற்புறுத்தினால், வேறு ஆளுக்கு விற்றுவிடுங்கள்.

கட்டணத்தைச் சாக்காக வைத்து நடக்கும் மோசடி ஒன்றையும் இங்கே குறிப்பிடாமல் போக மனமில்லை. கட்டணம் முழுவதையும் நானே ஏற்கிறேன் என்று பெருந்தன்மை காட்டும் ஒருவர், பேசியதைவிடச் சில ஆயிரம் அதிகமாக அனுப்பிவிட்டு, மிகுந்ததை வேறொரு கணக்குக்குத் திருப்பி அனுப்பும்படி கேட்பார். நீங்கள் அனுப்பிய பிறகு முதலில் வந்த பணம் முழுவதும் திரும்ப எடுக்கப்படும். அல்லது, உங்கள் கணக்கை வணிகக் கணக்காக உயர்த்தினால்தான் பணம் விடுவிக்கப்படும், அதற்குக் கட்டணம் கட்டுங்கள் என்று சேவையின் பெயரிலேயே போலி மின்னஞ்சல் வரும். பேசிய தொகைக்கு ஒரு காசு கூடுதலாக வந்தாலும், அந்தப் பரிமாற்றத்தையே முழுவதுமாகத் திருப்பிவிட்டுச் சரியான தொகையை மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள். பணம் வந்ததா என்பதை மின்னஞ்சலில் பார்க்காமல், கணக்கில் நுழைந்து பாருங்கள்.

உங்கள் கடைசிக் கேள்வி, திரும்பி வரும் லென்ஸ். இதில் விடை, லென்ஸைப் பற்றி விற்பனைக்கு முன் நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஃபோகஸ் வளையம் மென்மையாகச் சுழல்கிறது என்றோ, எல்லாம் சரியாக இயங்குகிறது என்றோ எழுதியிருந்து, உண்மையில் அது இறுக்கமாக இருந்தால், பொருள் சொன்னபடி இல்லை. நான் முன்பு குறிப்பிட்டதுபோல, இந்த வகை முறையீட்டில் விற்பவருக்குச் சேவையின் காப்பு இல்லை. அவர் முறையிட்டு வெல்வதற்கு முன் நீங்களே முழுத் தொகையையும் திருப்பித் தருவதும், திரும்ப அனுப்பும் செலவை ஏற்பதும், போன 630-ஐ மறந்துவிடுவதும்தான் முறை. பேபால் உட்படப் பல சேவைகளில், பணத்தைத் திருப்பித் தந்தாலும் முதலில் பிடித்த கட்டணம் விற்பவருக்குத் திரும்பி வராது. நீங்கள் 20,000-ஐத் திருப்ப வேண்டும், உங்களிடம் இருப்பதோ 19,370. தவறான விவரிப்பின் விலை அது, அதை வாங்கியவர் தலையில் கட்ட வழியில்லை. வளையம் சற்று இறுக்கமாக இருக்கும் என்று நீங்கள் எழுதியிருந்து, அதைப் படித்துவிட்டே அவர் வாங்கியிருந்தால், திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. நல்லுறவுக்காக எடுத்துக்கொள்ள விரும்பினால், போன கட்டணத்தையும் திரும்ப அனுப்பும் செலவையும் அவர் ஏற்பார் என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே 19,370-ஐ மட்டும் திருப்பித் தருவதில் எந்த அநியாயமும் இல்லை, ஏனென்றால் இம்முறை ஒப்பந்தத்தை மாற்றக் கேட்பவர் அவர்.

நீங்கள் வளையத்தைப் பற்றி எதுவுமே எழுதியிருக்காவிட்டால், சிக்கல் சற்றுக் கூடுதல். படங்களில் தெரியாத, கையால் சுழற்றினால் மட்டுமே தெரியக்கூடிய குறை அது என்பதால், பெரும்பாலும் வாங்கியவரின் வாதமே வலுவாக இருக்கும் என்று எண்ணுகிறேன். அங்கே முழுத் திருப்பத்துக்குப் பதிலாக, பழுதுபார்ப்புக்கு ஆகும் தொகையைப் பகுதியாகத் திருப்பித் தந்து, லென்ஸ் அவரிடமே இருக்கட்டும் என்று கேட்டுப் பாருங்கள். திரும்ப அனுப்பும் செலவும் அந்த லென்ஸை மீண்டும் விற்கும்போது மறுபடி பிடிக்கப்படும் கட்டணமும் உங்களுக்கு மிச்சமாகும், புதிதாக வேறொன்றைத் தேடும் வேலை அவருக்கு மிச்சமாகும்.

முழுத் தொகையோ பகுதியோ, எதைத் தருவதானாலும் அந்தப் பழைய பரிமாற்றத்தின் பக்கத்திலேயே இருக்கும் ‘பணத்தைத் திருப்பு’ என்ற பொத்தானின் வழியாகவே தாருங்கள். கட்டணம் வேண்டாம் என்று எண்ணி வங்கி வழியாகத் தனியே அனுப்பினால், சேவையின் பதிவில் முதல் பரிமாற்றம் திருப்பப்படாததாகவே நிற்கும். 180 நாள் முடியும்வரை அவர் அதன் மீது முறையிட்டு இரண்டாம் முறையும் பணம் பெறக் கதவு திறந்திருக்கும். லென்ஸைத் திரும்ப எடுத்துக்கொள்வதானால், பொத்தானை அழுத்துவதற்கு முன் அது உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும், அதன் தொடர் எண் நீங்கள் அனுப்பிய லென்ஸின் தொடர் எண்தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.